ஆக்குவோனும் அழியும் பொருளும்

ஒன்றைச் செய்வோன் அது நிலைபெறுதல் வேண்டுமென்று கருதிச் செய்தலே உலகியற்கை. வீடு கட்டுவோன் கல்லினுங் காரையினுங் கருத்தூன்றுதலும், நூல் செய்வோன் தன் சொல் தனக்குப் பின்னும் நிற்றல் வேண்டுமென விழைதலும் இதுபற்றியே. இவ்வியற்கைக்கு மாறாக, மாலைக்குள் அழியுமென்று நன்கறிந்தும், அவ்வழிவைத் தடுத்தற்கு யாதொரு முயற்சியுஞ் செய்யாமல், சிலர் பகற்பொழுது முழுதும் உழைத்து ஒன்றைச் செய்வாராயின் அவர் செயலை யாதென்று மதிப்பது? பயனில் உழைப்பென்பதா, விளையாட்டென்பதா, அன்றிப் பற்றின்றிச் செய்யும் வினையென்று உயர்த்துக் கூறுவதா? இவ்வினா, மேனாட்டுக் கலாசாலைகளில் ஓவியமுஞ் சிற்பமும் பயிலும் மாணாக்கர் சற்றேறக்குறைய அறுபதாண்டுகளாகக் கைக்கொண்டுவரும் ஒரு பயிற்சியினின்று எழுவது. காரணகாரிய ஆராய்ச்சியிற் பழகிய நம்மனோர் நோக்குதற்குரிய பொருள்கள் சில அதன்கண் உளவாதலின், அதனை ஈண்டு எடுத்துக்கொள்ளுகின்றாம்.

அப்பயிற்சியாவது, மாணாக்கர் தம் பணிக்கூடத்தை விட்டு வெளியே போந்து, வயல், காடு, ஆற்றங்கரை, கடற்கரை முதலிய இடங்களில் ஆண்டுக் கிடைக்கும் இலை, சுள்ளி, கல், மணல், பனிக்கட்டி என்பவற்றையே கொண்டு, ஆணியும் பசையுமின்றி ஓர் உருவமைத்து, அதனை அமைத்த இடத்தே விட்டு வருதலாம்.

இலண்டன் மாநகரத்துச் செயின்ட் மார்ட்டின் கலைப்பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த ரிச்சர்ட் லாங் என்னும் மாணாக்கர், 1967-ஆம் ஆண்டில் ஒருநாள், வாட்டர்லூ நிலையத்திற் புகைவண்டியேறி நகரங் கடந்து சென்று, ஒரு புல்வெளியை யடைந்து, அதன்கண் நேரே போவதும் வந்த வழியே மீள்வதுமாகப் பலகால் நடந்தனர். மிதியுண்ட புல் சாய்ந்து, வெயில் படுதலும் ஒரு கோடாகத் தோன்றிற்று. அதனை நிழற்படமாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினர். 'நடத்தலால் ஆகிய கோடு' என்னும் பொருள்பட அதற்குப் பெயருமிட்டனர். உளியில்லை, வண்ணமில்லை, களிமண் தானுமில்லை; நடப்பவன் காலும் மிதிபடும் புல்லுமே உள்ளன. பிற்காலத்து இத்துறையிற் புகுந்தார் பலர்க்கும் அது முதற்படியாயிற்று.

அவர்க்குச் சில்லாண்டு பின்னர், வட இங்கிலாந்திற் பிரெஸ்டன் நகரத்துக் கலாசாலையில் 1975 முதல் 1978 வரை பயின்ற ஆண்டி கோல்ட்ஸ்வர்தி என்பார் இப்பயிற்சியைப் பெரிதும் விரித்தனர். இளமையிற் பண்ணைகளிற் கூலிவேலை செய்து மண்ணொடுங் கல்லொடும் பழகியவர் அவர். பணிக்கூடத்தினும் மோர்க்கம் குடாக்கரையே அவர்க்கு உவப்பாயிற்று. அக்குடாவிற் கடல் வற்றுங்கால் மணற்பரப்புப் பல மைல் தொலைவு வெளிப்பட்டுக் கிடக்கும்; பெருகுங்கால் நீர் விரைந்து வந்து அனைத்தையும் மூடிவிடும். ஆண்டு எதனைச் செய்யினும் அதற்குக் கடல் வரையறுத்த காலம் சில நாழிகையேயாம். கல்லை அடுக்கியும் மணலைக் குவித்தும் அவர் தொழில் கற்றது அங்கே. பின்னர், முள்ளையே ஊசியாகக் கொண்டு இலையோடு இலை தைத்தும், உடைந்த பனிக்கட்டித் துண்டுகளை நீரில் நனைத்து உறையவைத்து ஒன்றோடொன்று பொருத்தியும், பழுத்த இலைகளை மஞ்சளினின்று சிவப்புவரை நிறவொழுங்கில் நிரைத்தும் அவர் செய்தவை பல. இன்று பற்பல நாடுகளிலும் ஆசிரியர் தம் மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று இத்தகைய பணியில் ஏவுவது இவ்விருவர் போன்றார் காட்டிய வழியைப் பின்பற்றியே.

இனி, இதனை இகழ்வார் கூற்றை முதற்கண் நோக்குவாம். "நில்லாத பொருளை ஆக்குதல் நீர்மேல் எழுதுதல் போலும், கலாசாலைக் கட்டணமும் இளமைக்காலமும் இதன்பொருட்டோ?" என்பர் அவர். இவ்வாசங்கை வலியுடைத்தன்று. சமைத்த உணவு அன்றே தீர்வது; அதனாற் சமையற்றொழில் பயனின்றாதல் இல்லை. இசைவாணன் பாடிய பாட்டும் பாடியவுடன் செவியளவின் நீங்குகின்றது. நம் சிறுமியர் மணலிற் சிற்றில் இழைத்து விளையாடியதைப் பிள்ளைத்தமிழ் நூலோர் ஒரு பருவமாகவே வகுத்தமைத்ததும், அச்சிற்றிலைச் சிதைக்கவேண்டாவென அவர் இரப்பதாகப் பாடியதும் இதனை உட்கொண்டே போலும். பயன் என்பது செய்பொருளின்கண் மட்டும் தங்குவதன்று, செய்வோன்கண்ணுந் தங்கும். ஆதலின் இவ்வாசங்கையை இவ்வளவில் விடுக.

இதனைப் புகழ்வார் கூற்றே நாம் ஊன்றி நோக்கற்பாலது; பிழை நுட்பமாய் மறைந்து கிடப்பது அதன்கண்ணே யாதலின். மேனாட்டு நூலோர் சிலரும் அவரைப் பின்பற்றுவாரும், "இவ்வுருக்கள் அழிந்தொழிதலால் உலகம் கணந்தோறும் அழிவதென்னும் உண்மை விளங்குகின்றது, செய்தானும் தன் செயலின்கண் வைத்த பற்றை விடுகின்றான்" என்று இரண்டு கூறுவர். திபேத்திய பௌத்தத் துறவியர் வண்ணமணலாற் பன்னாள் முயன்று ஒரு மண்டலம் எழுதி, முடிந்தபின் அதனைக் கூட்டி வாரி ஆற்றிற் சேர்த்தலை அவர் இதற்கு உவமையாக்குவர். இவ்விரண்டனையும் தனித்தனி ஆராய்வாம்.

உரு அழிந்தவழி அழிந்தது யாது? கடல் வந்து கற்குவையைச் சரித்தது. கற்கள் ஆண்டே கிடக்கின்றன. ஆறு இலைநிரையைக் கொண்டுபோயிற்று. இலைகள் கீழே ஒரு வளைவிற் படிந்து மட்கி மண்ணாயின. பனிக்கட்டி உருகி நீராயிற்று. இல்லதாய்ப் போனது ஒன்றுமில்லை. காரியம் தன் காரணத்தில் ஒடுங்கிற்று என்பதே நேரிய வழக்கு. உள்ளதே தோன்றுமென்றும், தோன்றியது ஒடுங்குவதன்றி அறவே இன்மையாகாதென்றும் நம்மாசிரியர் நிறுவிய சற்காரியவாதத்திற்கு இக்கடற்கரையிற் கிடைக்கும் எடுத்துக்காட்டினும் எளியது தேடல் அரிது. 2001-ஆம் ஆண்டில் கோல்ட்ஸ்வர்தியின் பணியைப்பற்றி வெளிவந்த 'ரிவர்ஸ் அண்டு டைட்ஸ்' என்னும் திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. கனடா நாட்டு நோவா ஸ்கோஷியாக் கரையில், ஆறு கடலொடு கலக்குமிடத்தே, அலை ஒதுக்கிய மரத்துண்டுகளால் அவர் வட்டமாக ஒரு குடில் போல அடுக்குகின்றார். கடல் பெருகி வந்து அதனை உடையாமல் மெல்லத் தூக்குகின்றது. குடில் நீர்மேற் சுழன்று சுழன்று சென்று, ஒவ்வொரு துண்டாகப் பிரிந்து, மரங்கள் மீட்டும் மிதக்குமரங்களாகின்றன. காண்பார்க்கு இஃது அழிவாகத் தோன்றாது. அவை தம் இடத்திற்கு மீளுதலாகவே தோன்றும். ஆகவே கணபங்கவாதிக்கு இப்பணி சான்றாகுமென்பது பொருந்தாமை யுணர்க. மண்டலத்து மணலும் ஆற்றின் அடியில் மணலாகவே கிடக்கின்றதன்றோ?

இனிப் பற்றுவிடுதல் என்னும் இரண்டாவது கூற்று. இதன்கண்ணேதான் மாணாக்கர்க்கு இடர் உண்டு.

'எனது' என்னும் உணர்ச்சி பொருளைப் பற்றி எழுவதாயினும் பொருளின்கண் இருப்பதன்று. பொருள் போயினும் அது போகாது; வேறொன்றைப் பற்றிக்கொள்ளும். இலண்டன் மாணாக்கர் மிதித்த புல் சின்னாளில் நிமிர்ந்திருக்கும். அந்நிலத்தில் இன்று அக்கோடு இல்லை. அந்நிழற்படமோ அவர் பெயர் தாங்கி இலண்டன் டேட் கலைக்காட்சிச்சாலையின் தொகுப்பில் உள்ளது. இலையை ஆற்றில் விட்டவர் இலையின் படத்தை விட்டிலர். இதனைக் குறையாகக் கூறினேமல்லேம். அவர்தாம் துறந்தோமென்று உரிமை பாராட்டினாருமல்லர். செய்ததனைப் பிறர்க்குக் காட்டவேண்டின் வேறு வழியில்லை. தொலைவிலுள்ள ஆசிரியர்க்கு மாணாக்கன் தன் பணியை மெய்ப்பிக்கவும் படமே வேண்டப்படுகின்றது. ஆயினும், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பற்றை விட்டோமென்று கூறுதல், பழத்தைத் தின்று தோலை வழங்கிக் கொடையென்பதனோடு ஒக்கும். இக்காலத்து மாணாக்கர் கையில் எந்நேரமும் படக்கருவி உண்டு. கடல் ஏறுமுன் எப்பக்கம் நின்று எடுத்தால் அழகென்பதே நினைவாக, கல்லைக் காணாது படத்தைக் கண்டுகொண்டே கல்லடுக்குவார் பலராயினர். உரு அழிதலாற் செய்தான் பற்றற்றவன் ஆயினானென்று ஆசிரியர் அவர்க்கு உரைப்பாராயின், ஆணவத்திற்கு அணிகலன் ஒன்று பூட்டுவாரேயாவர்.

ஆயின், இப்பணியால் 'யான் செய்தேன்' என்னும் முனைப்பு ஒருசிறிதுந் தேயாதோவெனின், தேயும். தேய்வது அழிவினாலன்று, ஆக்கத்தினிடையே. இதனைச் சிறிது விரித்தல் வேண்டும்.

குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது யாவருமறிந்தது. இவ்வுவமையைப் பலகாற் கேட்டுப் பழகினமையால், குயவன் எண்ணியது எதுவாயினும் மண் அதற்கு இணங்கிக் கொடுக்குமென்று மயங்குவாரும் உளர். பிசைந்த மண் மிக இணக்கமுடைமையின் அம்மயக்கம் நீங்குவதில்லை. கடைப்பொருளாகிய வண்ணமும் பசையும் மெழுகும் அவ்வாறே செய்வோன் விருப்பிற்கு ஏவல்செய்வன. கடற்கரைக் கல் அங்ஙனமன்று. அது முன்னரே ஓர் உருவும் எடையுஞ் சாய்வும் உடையது. அதன்கண் இல்லாத நிலையை யாரும் அதற்கு நல்கல் ஒல்லாது; எள்ளினன்றி மணலினின்று எண்ணெய் வாராதவாறு போல. முற்கூறிய படத்திலேயே, அதே கரைப்பகுதியில் கோல்ட்ஸ்வர்தி தட்டைக்கற்களை ஒரு பெரிய கூம்பாக அடுக்கும்போது அது நான்குமுறை சரிந்து விழுகின்றது. கடலோ ஏறிவருகின்றது. ஒவ்வொருமுறையும் முன்னினும் சிறிது உயர எழுப்பியே அவர் தோற்கின்றார். கல்லைத் தாம் இன்னும் போதியவளவு அறிந்திலமென்பதே அதற்கு அவர் கொண்ட பொருள். இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குக. நிமித்தகாரணமென்று தன்னைக் கருதியிருந்தவன் முதற்காரணத்தின் முன்னே மாணாக்கனாகின்றான். இலையின் சிவப்பு தன்னாலாயதன்று, கல்லின் சமநிலை தன்னாலாயதன்று, அவற்றை ஓரிடத்துக் கூட்டியதொன்றே தன் செயல் என்பதும், அக்கூட்டுங் கையும் அறிவும் விழைவுந் தாமும் தனக்கு அளிக்கப்பட்டனவே யென்பதும் அவனுக்குப் படிப்படியே புலனாதல் கூடும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பென்று நம் நூல்கள் கூறும். கல்லைச் சார்ந்து நாள் முழுதும் இருந்தவன் கல்லின் பொறுமையிற் சிறிது பெறுவான். புகழைச் சார்ந்திருந்தவன் வேறொன்று பெறுவான்.

ஆதலின், மாணாக்கர் பணியை மதிப்பிடும் ஆசிரியர் படத்தை மட்டும் வாங்கிப் பார்த்து எண்ணிடுதல் முறையன்றென்பது எம் கருத்து. கடல் ஏறுமுன் அவர்தாமும் ஆண்டுச் சென்று நிற்றல் வேண்டும். சரிந்த கூம்பிற்கு நின்ற கூம்பினும் மிகுதியாக மதிப்பளிக்கவேண்டிய வேளைகள் உண்டு. படத்தில் அது புலப்படாது.

ஈண்டு நம் சைவாகம வழக்கிலுள்ள க்ஷணிகலிங்கம் நினைவிற்கு வருதல் இயல்பே. மணல், அரிசி, அன்னம், கோமயம், வெண்ணெய், சந்தனம், பூமாலை, மா முதலியவற்றால் அவ்வப்போது அமைத்துப் பூசித்து, பூசை முடிந்தவுடன் விடப்படுவது அது. சேய்ஞலூர்ப் பிள்ளையாராகிய விசாரசருமர் மண்ணியாற்று மணற்றிட்டில் ஆத்திமர நிழலில் மணலால் இலிங்கமுங் கோயிலும் அமைத்து வழிபட்டதைப் பெரியபுராணம் கூறும். வெளியிடத்தே, கைக்கு எட்டிய பொருளால், நில்லாதென்றறிந்தே செய்தமையில் அதுவும் இம்மாணாக்கர் செயலும் ஒருபுடை யொக்கும். ஒவ்வாமையே பெரிது. க்ஷணிகலிங்கம் காண்டற்பொருட்டு அமைக்கப்படுவதன்று. அமைப்போன் கருத்து அவ்வுருவிற் சென்று நில்லாது அதன்வாயிலாக வேறொன்றிற் செல்லுகின்றது. ஆதலாலேயே அதனை விடுதல் அவனுக்கு இழப்பாகத் தோன்றுவதில்லை. கலைமாணாக்கனுக்கோ உருவே முடிவு. உருவே முடிவாயினார்க்கு அதனை இழத்தல் எளிதன்று. கடல் ஏறிவரும்போது முகம் வாடி நிற்பானை ஏசுதலும் நன்றன்று. அவ்வருத்தத்தைப் பற்றின்மையென்று பெயர்மாற்றிக் கூறி மறைக்காமல், அஃது இன்னதென்று அவன் அறியவிடுதலே நேர்மை.

பிறிதொன்றும் ஆராயவேண்டும். இயற்கைப்பொருளாற் செய்தலின் இப்பணியில் தீங்கொன்றுமில்லையென்று பலர் எண்ணுவர். அஃதற்றன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டு அப்பலாச்சிய மலையாறுகளில் ஹெல்பெண்டர் என்னும் பெரியதொரு நீர்ச்சாலமாண்டர் வாழ்கின்றது. ஆற்றடியிலுள்ள பெருந்தட்டைக் கற்களின் கீழே தங்கி அங்கேயே முட்டையிடுவது அது. விளையாட்டாகவும் அழகுக்காகவும் ஆற்றுக்கற்களைப் பெயர்த்து அடுக்குவார் அதன் இல்லத்தைப் பெயர்த்தவராவர். அது காரணமாகவே ஆண்டுள்ள கிரேட் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவினர் ஆற்றிற் கற்களை அசைக்கலாகாதென வருவாரை வேண்டிக்கொள்ளுகின்றனர். கடல் அழித்துவிடுமென்னும் எண்ணம் இவ்விடத்து ஒரு கேடு செய்கின்றது: 'நாளை இராது' என்றமையால் 'இன்று எடுத்தல் குற்றமன்று' என்று மனம் துணிந்துவிடுகின்றது. உரு ஒருநாளைக்குரியது, அதன்பொருட்டுக் கிள்ளிய பாசி மீள வளரப் பல்லாண்டு செல்லும். செய்பொருள் ஒடுங்கினும் செய்வினை ஒடுங்காதென்பதை நம் அன்பர்க்கு யாம் எடுத்துக்கூற வேண்டுவதின்று.

பூசைக்குப் பூ எடுக்கும் விதி இங்கே ஒரு வியப்பான மாறுபாடு காட்டுகின்றது. தானே நிலத்தில் வீழ்ந்த பூ பூசைக்கு ஆகாதென விலக்கப்பட்டது. இம்மாணாக்கர்க்கோ வீழ்ந்த இலையே தக்கது, கொய்த இலையே விலக்கத்தக்கது. விதி தலைகீழாயிற்றாயினும் இரண்டிடத்துங் கருத்து ஒன்றே போலும்: எடுப்பவன் மனம்போனவாறு எடுத்தலாகாது.

இறுதியாக, ஒருவர் தனித்துச் செய்வதனினும் பலர் கூடிச் செய்வது இத்துறையிற் சிறந்ததென்று எமக்குத் தோன்றுகின்றது. அமெரிக்க நாட்டு வட கரோலினாவைச் சேர்ந்த பாட்ரிக் டோகர்ட்டி என்பார் 1980-களின் தொடக்கமுதல் இளங்கொம்புகளைப் பின்னி மாளிகையுங் கோபுரமுங் குடிலும் போன்ற பேருருக்களை அமைத்தவர். அவை முந்நூற்றின் மேலன. ஓரிடத்திற்குச் சென்றால் ஏறக்குறைய மூன்று வாரம் அங்கே தங்குவர். பல இடங்களிற் கலாசாலை வளாகமே களம், மாணாக்கரே துணைவர். வெட்டி யகற்றவேண்டிய இளமரங்கள் நெருங்கிய நிலத்தினின்று வண்டிக்கணக்கிற் கொம்புகள் கொணரப்படும். தடித்தவற்றைக் குழியில் ஊன்றி வளைத்துச் சட்டமாக்கி, மெல்லியவற்றை ஊடும் பாவும் போல நுழைத்துப் பின்னுவர். ஆணி வேண்டா, கொம்புகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்றலே கட்டு. கடைசியிற் சிறுசுள்ளிகளைச் செருகி இடைவெளியும் பிழையும் மறைப்பர்.

முதனாள் தான் செருகிய கொம்பு எதுவென்று ஒரு மாணாக்கன் மூன்றாம் வாரத்திற் காட்டல் இயலாது. அவன் வளைத்ததன்மேல் மற்றொருவன் வளைத்திருப்பான்; அவன் விட்ட பிழையை அவனறியா ஒருத்தி மூடியிருப்பாள். 'எனது' என்று சுட்டிக்காட்டுதற்கு விரல் வைக்க இடமில்லை. துறவைப்பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் உரையாமலே இது நிகழ்கின்றது. உருவிற்குப் பெயர் டோகர்ட்டியினதே யென்பது உண்மை. அது வேறோர் ஆராய்ச்சி. கொம்பு பின்னிய மாணாக்கர்க்குப் பெயருமில்லை, கொம்புமில்லை. மூன்றுவார உழைப்புங் கைத்தழும்பும் கொம்பு எவ்வளவு வளையும் எவ்விடத்து ஒடியுமென்னும் அறிவுமே எஞ்சின.

அவ்வுரு மழையினும் வெயிலினும் பனியினும் நின்று ஏறத்தாழ ஈராண்டில் தளர்கின்றது. பிறர்மேல் விழுமுன் அதனைப் பிரித்துவிடுவர். அதற்குள் கட்டியவருட் பலர் படிப்பு முடித்துக் கலாசாலையை விட்டுப் போயிருப்பர். பின்வந்தார் கொம்புகளை உருவிப் பொறியிலிட்டுத் துண்டாக்கி, உயிருள்ள மரங்களின் அடியிற் பரப்பிவிடுகின்றனர்.